கீழ் வீட்டு டிவியில் தெரிந்தது

மருத்துவமனையின் கொள்முதல் பிரிவு அடித்தளத்தில் இருந்தது. சோப்பு விற்பவர், கையுறை விற்பவர், படுக்கை விரிப்பு விற்பவர் என்று ஒன்பது பேர் சுவரோர நாற்காலிகளில் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். இளையவள் முறை வந்ததும் எழுந்து போய், வார்டு உதவியாளர்களுக்காக வரைந்த சீருடைப் படங்களை உறையிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பினாள்.

கொள்முதல் அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படங்களை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து வேறொரு உறையை எடுத்து, அதிலிருந்த தாள்களைப் பக்கத்திலேயே பரப்பினார்.

அதே கழுத்து. அதே சாய்வான பை. பையின் ஓரத்தில் பேனா வைக்க விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளிகூட அப்படியே இருந்தது.

“உங்க அக்கா நேத்தே குடுத்துட்டுப் போயிட்டாங்க” என்றார் அதிகாரி.

“மேடம், இது நான் வரைஞ்சது. மூணு வாரமா உக்காந்து...”

“இப்படித்தான் சொல்வீங்கன்னும் அவங்க சொன்னாங்க. என் ஓரகத்தி வருவா, இதையேதான் எடுத்துட்டு வருவா, மனசு நோகாம அனுப்பிடுங்கன்னாங்க. மனசு நோகாமப் பேசவெல்லாம் எனக்கு வராது. ஒரே வீட்டுக்குள்ள இருந்துட்டுத் திருடுறீங்களே, வெக்கமா இல்ல? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

சோப்பு விற்பவர் தொண்டையைக் கனைத்தார். மற்ற எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். இளையவளுக்குத் தாள்களைத் திரும்ப உறைக்குள் போடக் கை வரவில்லை. வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்தில் உட்காரும்வரை அழவில்லை. உட்கார்ந்த பிறகு இறங்கும்வரை நிறுத்தவில்லை.

அந்த ‘அக்கா’ கணவனின் அண்ணன் மனைவி. குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் மூத்தவள், இவள் இளையவள். மூத்தவளின் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கீழ்த்தளத்தின் முன்பக்க அறைகள் இரண்டிலும் மூத்தவளின் தையல்கூடம். அங்கே ஒன்பது இயந்திரங்கள். அதற்குப் பின்னால் கூடம், கூடத்துச் சுவர் முழுக்க ஒரு டிவி. மேல்தளத்தில் இளையவளும் கணவனும் இருந்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

இளையவள் ஆறு வருடம் அந்தத் தையல்கூடத்தில்தான் துணி வெட்டினாள். ‘நம்ம வீட்டு வேலை’ என்ற பெயரில் மாடாய் உழைத்தாள். உடைக்கு வடிவம் வரைவதில் அவளுக்கு இருந்த கையை வாடிக்கையாளர்கள் பாராட்டும்போதெல்லாம், “நான் சொல்லிக்குடுத்ததுதான்” என்பாள் மூத்தவள். இரண்டு வருடத்துக்கு முன் இளையவள் ஒரு பழைய மடிக்கணினி வாங்கி, வடிவம் வரையும் மென்பொருளைத் தானே கற்றுக்கொண்டு தனியாக ஆரம்பித்தாள். “வரையறத எங்க வேணா வரை, தைக்கறதுக்கு எங்கிட்டதான வரணும்” என்று சிரித்தபடிதான் அனுப்பிவைத்தாள் மூத்தவள்.

அன்று மாலை கணவன் வேலையிலிருந்து வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்திருக்கலாம்ல?” என்றான்.

“பேனா வைக்கிற எடம்கூடவா?”

“விடும்மா. வீட்டுக்குள்ள சண்டை எதுக்கு.”

அவள் விடவில்லை. எப்படி நடந்திருக்கும் என்று குடைந்து குடைந்து யோசித்தாள். குப்பைக்கூடையில் போட்ட தாள்களை எண்ணிக் கிழித்துப் போட்டாள். கணினியின் கடவுச்சொல்லை மாற்றினாள். குளிக்கப் போகும்போதும் அறையைப் பூட்டினாள். தையல்கூடத்தில் வேலை செய்யும் ‘பட்டன்’மீதுகூடச் சந்தேகம் வந்தது. பட்டன் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லாததால் அந்தப் பெண்ணுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவ்வப்போது கத்தரிக்கோல் கேட்டு மேலே வருவாள். ஒருநாள் வந்தவளிடம், “கத்தரிக்கோல் கேக்கத்தான் வந்தியா, வேற எதுக்காவதா?” என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டாள் இளையவள். பட்டன் வெறுங்கையோடு படி இறங்கினாள். பிறகு வரவே இல்லை.

கணினியில் இரண்டு தொல்லைகள் இருந்தன. சில நாட்களில் திரையில் எழுத்துகள் தடித்து, கோடுகள் மங்கித் தெரியும். அதே நாட்களில் ஒலியும் வராது. பழைய இயந்திரம், ஆயுள் முடியப் போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினொரு நாள் கழித்து ஒரு பிற்பகலில் துணிக்கடைக்காரர் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். கணினியில் அதைத் தட்டினாள். கணினி வாய் திறக்கவில்லை. ஆனால் கீழேயிருந்து, தரையே பேசுவதுபோல, ஒரு பெரிய ஆண் குரல் கேட்டது. “அம்மா, நீங்க கேட்ட சாம்பல் கலர் துணி வந்திருச்சு, எப்ப வேணா வந்து பாருங்க.”

அவள் மறுபடி தட்டினாள். “அம்மா, நீங்க கேட்ட சாம்பல் கலர்...” என்று கீழே குரல் ஆரம்பித்துச் சட்டென்று நின்றது. யாரோ ஒலியை அமர்த்தியிருந்தார்கள்.

செருப்பில்லாமல் படி இறங்கினாள். படி திரும்பும் இடத்தில் நின்றால் கூடம் தெரியும். சுவர் டிவியில் அவளுடைய கணினித் திரை விரிந்திருந்தது. வரைந்துகொண்டிருந்த சட்டையின் பாதித் தோள், ஓரத்தில் அவள் கோப்புகள், அவள் விட்டுவந்த இடத்தில் அசையாமல் நின்ற அம்புக்குறி. டிவிக்கு நான்கு அடி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் நோட்டும் கையில் கைப்பேசியுமாக உட்கார்ந்திருந்தாள் மூத்தவள். கைப்பேசியைத் தூக்கி டிவியைப் படம் பிடித்தாள். பிறகு விரலை நாவில் தொட்டு நோட்டில் பக்கம் திருப்பினாள். ஏதோ தொடர் பார்ப்பதுபோல் அவ்வளவு சாவகாசம்.

இளையவள் வந்த வழியே மேலேறினாள்.

கணினித் திரையின் மூலையில், அவள் இதுவரை தொடாத ஒரு குறியைத் தொட்டாள். டிவியின் பெயர் வந்தது. அருகில் ‘இணைந்துள்ளது’ என்று இருந்தது. கீழே, ‘தானாக மீண்டும் இணையட்டும்’ என்ற கட்டத்தில் ஒரு சின்ன ‘டிக்’. எல்லாம் விளங்கிவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில், அண்ணன் வந்திருக்கிறார் என்று கணவன் இந்தக் கணினியைக் கீழே கொண்டுபோய், கம்பியில்லாமலே பெரிய டிவியில் படம் போட்டுக் காட்டினான். அன்று போட்ட டிக் இது. அதன் பிறகு கீழே டிவி போடப்பட்டு மேலே கணினியும் திறந்திருந்தால் இரண்டும் தாமாகக் கைகோத்துக்கொண்டன. எழுத்து தடித்தது, கணினி டிவியின் அளவுக்குத் தன்னை மாற்றிக்கொண்டதால். ஒலி கீழே போய்விட்டதால் மேலே ஊமை.

‘துண்டி’ என்ற பொத்தானின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனவள் கையை எடுத்துவிட்டாள். துண்டித்தால் திருட்டு நிற்கும். திருடி தப்பிவிடுவாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தினமும் வேலையில் ஒரு சுவாரசியம் வந்தது. முதலில் ஒரு கடிதம் எழுதினாள், யாருக்கோ அனுப்பப் போவதுபோல். ‘நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு பழைய தையல் மாஸ்டர் தன்னுடைய அளவுப் புத்தகங்களையெல்லாம் முதலில் வருபவருக்குக் கொடுத்துவிடப் போகிறாராம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நான் அங்கே இருப்பேன்.’ இல்லாத ஒரு தெருவின் பெயரையும் எழுதினாள். மறுநாள் எட்டு மணிக்கு மூத்தவள் வாடகை வண்டி பிடித்துப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தாள். பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பி வந்த முகம் கருகிப்போயிருந்தது.

“எங்கக்கா போயிட்டு வரீங்க, வெயில்ல?”

“சும்மா, ஒரு வேலையா.”

அடுத்த வாரம், ‘கடுகு மஞ்சள் நிறம் என்றால் தலைமைச் செவிலியருக்கு உயிராம்’ என்று ஒரு குறிப்பு எழுதித் திரையின் நடுவில் விட்டாள். நான்காம் நாள் தையல்கூடத்து வாசலில் கடுகு மஞ்சள் துணி ஆறு சுருள் வந்து இறங்கியது. இளையவள் மேலே கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அடித்தள அறையின் ஒன்பது நாற்காலிகளும் நினைவுக்கு வந்தன. இது போதாது என்று தோன்றியது.

போதுமான வாய்ப்பு தானாக வந்தது. உதவியாளர் சீருடையில் திருப்தி அடைந்த மருத்துவமனை, செவிலியர்களுக்கும் புதுச் சீருடை வேண்டும், மாதிரியோடு தயாராக இருங்கள் என்று மூத்தவளிடம் சொல்லியிருந்தது. மூத்தவள் அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். ஆனால் வரையத்தான் அவளுக்கு வராது. காலையில் எட்டு மணிக்கே கீழே டிவி ஓட ஆரம்பித்தது.

‘பாக்கட்டும்’ என்று நினைத்தாள் இளையவள். ‘நல்லதாவே வரைஞ்சு காட்டறேன்.’

இரண்டு பிற்பகல்கள் மருத்துவமனையின் வார்டு வாசலில், பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து செவிலியர்களைக் கவனித்தாள். டிரிப் பாட்டிலை உயரே மாட்டும்போதெல்லாம் அவர்கள் மேலங்கி இடுப்புக்கு மேல் ஏறியது. மாட்டியதும் இடது கையால் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் ஒரு மணி நேரத்தில் பதினாறு தடவை இழுத்துவிட்டாள். யாரும் அதை ஒரு குறையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், பழகிப்போன சங்கடம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டாள். அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தால் கை எவ்வளவு உயர்ந்தாலும் அங்கி ஏறாது. ஆனால் அந்தத் துண்டைத் துணியின் குறுக்கே சாய்த்து வெட்ட வேண்டும். அப்போதுதான் நீண்டு கொடுக்கும். அதைவிட முக்கியம், அக்குளில் கத்தரித்துத் திறக்கும் முனை. அங்கே கத்தரிக்கும் முன் நகக்கண் அளவில் ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைக்காவிட்டால், சில தடவை கை தூக்கினாலே முனை பிரிந்து கிழிந்துவிடும்.

இந்த இரண்டையும் அவள் தாளில் பென்சிலால் வரைந்து அலமாரியில் பூட்டினாள். கணினியில் வரைந்த படத்தில் துண்டு நேராக வெட்டப்பட்டிருந்தது, ஒட்டுத்துணி இல்லை. மற்றபடி கழுத்து, பை, இடுப்பு எல்லாம் அவள் வாழ்க்கையில் வரைந்ததிலேயே அழகான வேலை. அதைத் திரையில் நாலு நாள் மெதுவாக வரைந்தாள். கீழே யாராவது குறிப்பெடுக்க வசதியாக அங்கங்கே நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டினாள்.

பத்து நாளில் கீழே மாதிரி தயாரானது. தையல்கூடத்து பொம்மைமேல் மாட்டியிருந்ததைப் படியிறங்கும்போது பார்த்தாள். பிரமாதமாக இருந்தது. பொம்மைக்குக் கை இல்லை.

கொள்முதல் அதிகாரியும் தலைமைச் செவிலியரும் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார்கள். தையல்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். இளையவள் படி திரும்பும் இடத்தில், மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அந்த டிக்கைக் காலையிலேயே எடுத்துவிட்டாள். இன்று அவள் சொன்னால்தான் கணினியும் டிவியும் சேரும்.

மூத்தவள் கைப்பேசியிலிருந்த படங்களை டிவியில் போட்டு விளக்கினாள். இளையவள் குறிப்பாக எழுதியிருந்த வாசகங்களை வார்த்தை மாறாமல் ஒப்பித்தாள். “டிரிப் மாட்டறப்ப மேல ஏறிடுது பாருங்க, நம்ம பொண்ணுங்க எவ்ளோ சங்கடப்படுதுங்க. அத நெனச்சுத்தான் வரைஞ்சேன். ராத்திரி பகலா அதே நெனப்பு.”

தலைமைச் செவிலியர் நெடுநெடுவென்று உயரமானவர். “முப்பது வருஷமா இழுத்து இழுத்து விட்டுட்டிருக்கோம், ஒரு ஆம்பளைக்கும் இது தோணல” என்றார். மாதிரியை வாங்கி உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கையைத் தூக்கிப் பாட்டில் மாட்டுவதுபோல் செய்தார். அங்கி ஏறவில்லை.

“அடேங்கப்பா” என்றார்.

மூத்தவள் முகம் பூரித்துப்போனது. அதிகாரிகூடச் சிரித்தார்.

“ஒரு ஷிஃப்டுக்கு நாப்பது தடவை மாட்டுவோம்” என்று தலைமைச் செவிலியர் மறுபடி கையைத் தூக்கினார். சின்னப் பிள்ளைபோல் சத்தமாக எண்ணிக்கொண்டே தூக்கி இறக்கினார். “அஞ்சு... ஆறு...”

ஏழில் ‘டர்’ என்று கேட்டது. அக்குளிலிருந்து விலாவரை வாய் பிளந்துவிட்டது.

மூத்தவள் தையல்கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். “ஏய் பட்டன்! இங்க வா!”

பட்டன் கையில் நூலோடு ஓடிவந்தாள்.

“கண்ண எங்க வெச்சுத் தைச்ச? வந்தவங்க முன்னாடி மானத்த வாங்கிட்டியே. இன்னையோட நின்னுக்கோ, நாளைக்கு வராத.”

“நீங்க குடுத்த படத்துல இருந்ததத்தான அக்கா தைச்சேன். முனைல ஒண்ணும் வேணாமான்னு அன்னைக்கே கேட்டேனே...”

“எதுத்துப் பேசறியா?”

இளையவள் திட்டமிட்டது வேறு. அதிகாரி கேள்வி கேட்டு மூத்தவள் நன்றாகத் திணறட்டும், அதுவரை பொறுத்திருப்போம் என்றுதான் இருந்தாள். ஆனால் தான் வைத்த பொறியில் பட்டன் அகப்படுவாள் என்று அவள் நினைக்கவில்லை. கத்தரிக்கோல் கேட்டு வந்தவளை விரட்டியதும் சேர்ந்து உறுத்தியது.

அதற்குள் அதிகாரி, “இருங்க. படத்த மறுபடி போடுங்க” என்றார். போட்டார்கள். “முனைல என்ன வரணும்? நீங்கதான வரைஞ்சீங்க, சொல்லுங்க.”

“அது வந்து மேடம்... நூல் கொஞ்சம் கனமா போட்டா...”

இளையவள் பொத்தானைத் தொட்டாள்.

டிவி ஒரு நொடி கறுத்தது. பிறகு அவளுடைய கணினித் திரை வந்தது. ஏற்கெனவே அனுமதி பெற்ற கணினி என்பதால் டிவி யாரையும் கேட்கவில்லை. மூத்தவள் ரிமோட்டைப் பாய்ந்து எடுத்து அழுத்தினாள். போய்விட்டது. இளையவள் மறுபடி தொட்டாள். வந்தது. மூத்தவள் அழுத்தினாள். இளையவள் தொட்டாள். மூன்றாம் முறை மூத்தவள் மின்செருகியைப் பிடுங்கக் குனிந்தாள்.

“அத விடுங்க” என்றார் அதிகாரி. “நான் பாக்கணும்.”

அம்புக்குறி அசைந்தது. டிவியில் அதே அக்குள் பெரிதானது. நேராக இருந்த சாய்சதுரத் துண்டு மெல்லச் சுழன்று சாய்ந்து நின்றது. துணியின் இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒரு கோடு விழுந்தது. பிறகு முனையில் ஒரு சின்னக் கட்டம் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: ‘இங்கே ஒட்டுத்துணி. நூல் அல்ல.’

“ஆமா!” என்றாள் பட்டன், தன்னை மறந்து. “இததான் கேட்டேன்.”

திரை மாறியது. கோப்புகளின் பட்டியல் வந்தது. வார்டு உதவியாளர் சீருடை, முதல் கிறுக்கலிலிருந்து கடைசிப் படம்வரை முப்பத்தொரு கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. முதல் தேதி, மூத்தவள் உறையைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளுக்கு மூன்று வாரம் முந்தியது. அம்புக்குறி ஒவ்வொன்றாகத் திறந்து மூடியது, அவசரமே இல்லாமல். அடித்துத் திருத்திய கழுத்து, இடம் மாறி மாறி வந்த பை, முதலில் ஒரு விரலாக இருந்து இரண்டு விரலாக ஆன பேனா இடைவெளி. திருடியவர்களிடம் முடிந்த படம் மட்டும்தான் இருக்கும். தப்புத் தப்பாக வரைந்ததெல்லாம் வரைந்தவளிடம்தான் இருக்கும் என்பது கொள்முதல் பிரிவில் இருபது வருடம் உட்கார்ந்தவருக்குத் தெரியாதா?

கடைசியாகத் திரையில் ஒரு வரி வந்தது. ‘அக்கா, ஐந்து மாதத்துக்கும் மேலாக நீங்கள் இந்த டிவியில் பார்ப்பது என் கணினி. கடுகு மஞ்சள் துணி நல்லபடியாக வந்து சேர்ந்ததா?’

மூத்தவள் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இளையவள் கணினியை மூடி இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அன்னைக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்” என்றார். “தப்பா நெனச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“மனசுலதான் வெச்சிருக்கேன் மேடம்” என்றாள் இளையவள். “அன்னைக்கு ஒம்பது பேர் முன்னாடி என்னைத் திருடின்னு சொன்னீங்க. இங்க மூணு பேர்தான் இருக்காங்க.”

“அதுக்கு?”

“யார் யார் உக்காந்திருந்தாங்கன்னு உங்க வருகைப் பதிவுல இருக்கும். அவங்க எல்லாரும் இருக்கறப்ப நான் வரேன். அங்க சொல்லுங்க.”

அதிகாரியின் தாடை இறுகியது. இப்படி அவரிடம் யாரும் கேட்டதில்லை. தலைமைச் செவிலியர் கிழிந்த அங்கியோடு நின்றபடியே, “நியாயமாத்தான கேக்கறாங்க. சொல்லிடுங்களேன், எனக்கு இந்த டிரெஸ் வேணும்” என்றார்.

மூத்தவளின் பேச்சு அவர்கள் போன பிறகுதான் வெடித்தது.

“வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி என் மூக்க அறுத்துட்டியேடி!”

“எனக்கு ஒம்பது பேர் முன்னாடி அறுத்தீங்க. உங்களுக்கு ரெண்டே பேர்தான். கொறச்சுத்தான் பண்ணியிருக்கேன்க்கா.”

“தெரிஞ்சுட்டே தப்பான படத்தப் போட்டுக் காட்டியிருக்க. நீ நல்லவளா?”

“நல்லவன்னு நான் சொல்லவே இல்லையே.”

“ரொம்பப் பேசாத. நான் மட்டுமா பாத்தேன்? உன் புருஷனுக்கே தெரியும். போய்க் கேளு.”

இளையவள் பட்டனைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவளிடம் கொடுத்து, “அன்னைக்கு அப்படிக் கேட்டதுக்கு என்னைத் திட்டு” என்றாள். பட்டனுக்குத் திட்ட வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “முனைக்கு ஒட்டுத்துணி பருத்தியிலயா வெக்கணும்?” என்று கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அந்த அடித்தள அறைக்குப் போனாள். ஒன்பது பேரில் ஏழு பேர் வந்திருந்தார்கள். கையுறைக்காரர் வேலையை விட்டுவிட்டாராம், இன்னொருவருக்கு உடம்பு சரியில்லையாம். அதிகாரி எழுந்து நின்று, தாளைப் பார்த்துப் படிப்பவர்போல் சொன்னார். “முன்னாடி ஒரு நாள் இவங்களத் திருடின்னு சொன்னேன். அது தப்பு. படம் இவங்களோடது. திருடு போனது இவங்ககிட்டேருந்து.” சோப்பு விற்பவர் என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டினார். யாரும் கூடத் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

செவிலியர் சீருடை வேலை இளையவளுக்கு வந்தது. தைக்கும் பொறுப்பை நகரத்தின் வேறொரு பட்டறைக்குக் கொடுத்தாள். பட்டனை அங்கே மேற்பார்வைக்கு அமர்த்தச் சொல்லி அதை எழுத்திலும் வாங்கிக்கொண்டாள். மூத்தவளின் இயந்திரங்கள் ஒன்பதில் நான்குதான் இப்போது ஓடுகின்றன. மருத்துவமனை வழியாக எந்தப் பேருந்து போனாலும் மூத்தவள் அதில் ஏறுவதில்லை என்று கேள்வி. புதுச் சீருடைக்காரிகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலும். அதைக் கேட்ட அன்று இளையவள் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

கணவனிடம் கேட்டது, கூடத்தில் சண்டை நடந்த அன்று மாலையே. அவன் உள்ளே நுழைந்து பையை இறக்குவதற்குள் கேட்டுவிட்டாள்.

“கீழ டிவில என் கம்ப்யூட்டர் தெரியறது உங்களுக்குத் தெரியுமா?”

அவன் முகம் பார்த்தே பாதி பதில் தெரிந்தது. “ஒரே ஒரு தடவதான் பாத்தேன். அண்ணி, சும்மா பாத்துக் கத்துக்கறேன்னாங்க. சொன்னா நீ சண்டைக்குப் போவன்னு...”

“அந்த ஆஸ்பத்திரிலேருந்து அழுதுட்டு வந்தேனே. அன்னைக்குத் தெரியுமா, தெரியாதா?”

லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டியவர்களிடம் பதறாமல் பேசுவதில் அவன் பேர்போனவன். இப்போது தோளில் தொங்கிய கருவிப் பையின் வாரைத் திருகினான்.

“தெரியும்” என்றான் கடைசியில்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதியில் விட்ட துணியை எடுத்து மேசையில் விரித்தாள்.

நான்கு மாதம் ஆகிறது. அவள் அவனோடு பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள், வேலைக்குப் போகும்போது குடை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். அவன்தான் ஒவ்வொரு நாளும் கதவைத் தள்ளும்போது நிலைப்படியில் ஒரு நொடி நின்று, வீட்டுக்குள் என்ன காத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே வருகிறான். போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்.

“என்ன செய்யணும்னு நெனைக்கறியோ செஞ்சுடு. இப்படி ஒண்ணும் சொல்லாம இருக்காத.”

அவள் சுண்ணாம்புக் கட்டியால் துணியில் ஒரு வளைவை வரைந்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அவசரம் என்ன?” என்றாள். “யோசிச்சிட்டிருக்கேன்.”